சுகரும் தைராய்டும் சேர்ந்திருந்தால் கண் டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்

சுகருக்காகக் கண்ணைக் காட்டப் போகிறவர்கள் தைராய்டு ரிப்போர்ட்டையும் கையோடு கொண்டு போங்கள். அம்மாவுக்கு இரண்டும் உண்டு. சுகருக்கு ஒரு டாக்டர், தைராய்டுக்கு வேறொருவர், கண்ணுக்கு இன்னோர் ஆஸ்பத்திரி என்று அலைகிறோம். கண் ஆஸ்பத்திரியில் எத்தனை வருடமாகச் சுகர் என்று கேட்கிறார்கள், தைராய்டு பற்றி நாமாகச் சொன்னால்தான் உண்டு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தைராய்டு குறைவாகச் சுரந்தால் உடம்பு கெட்ட கொழுப்பைச் சரியாக வெளியேற்றாது, ரத்தத்தில் அது ஏறிக்கொண்டே போகும். பிபியில் கீழ் அளவும் கூடலாம். ஏற்கெனவே சுகரால் பலவீனமாகிப்போன விழித்திரை ரத்தக்குழாய்களுக்கு இவை இரண்டும் கூடுதல் சுமைதான். அந்தக் குழாய்கள் கசியும் இடத்தில் கொழுப்பு மஞ்சள் திட்டாகப் படியும், அது பார்வையின் மையப் பகுதியில் படிந்தால் எழுத்து படிப்பதே கஷ்டமாகிவிடும். டைப் 2 சுகர்காரர்களில் டிஎஸ்ஹெச் (தைராய்டு குறைந்தால் கூடும் ஹார்மோன்) லேசாகக் கூடியிருப்பவர்களிடம் விழித்திரைப் பாதிப்பு அதிகம் தென்படுவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் தைராய்டு மாத்திரை போட்டாலே விழித்திரை சரியாகிவிடும் என்று யாரும் நிரூபிக்கவில்லை, அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம் சுகரின் மூன்று மாத சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, அதாவது ஹெச்பிஏ1சி. தைராய்டு குறைவாக இருக்கும்போது புது சிவப்பணுக்கள் உருவாவது மெதுவாகிவிடுகிறது, பழைய அணுக்களே ரத்தத்தில் அதிகம் இருப்பதால் உண்மையான சுகரைவிட இந்த அளவு கூடுதலாகக் காட்டலாம். தைராய்டு மாத்திரை ஆரம்பித்ததும் சுகர் மாறாமலேயே எண் மட்டும் இறங்கும். இன்னொரு பக்கம், தைராய்டு குறைந்தால் இன்சுலின் உடம்பில் நெடுநேரம் தங்குவதால் சுகர் திடீரென்று தாழ்ந்து போவதும் உண்டு. இது தெரியாமல் அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து மருந்தைக் கூட்டினால் ஆபத்து. விரலில் குத்திப் பார்க்கும் அளவுகளையும் எழுதி வைத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

தைராய்டு அதிகமாகச் சுரக்கும் கிரேவ்ஸ் நோய் வேறு மாதிரி. இதில் அடி வாங்குவது விழித்திரை இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் தசையும் கொழுப்பும் வீங்குகின்றன. கண் முன்னால் தள்ளும், மேல் இமை மேலேறி நிற்கும், ஒன்று இரண்டாகத் தெரியும். ரத்தத்தில் தைராய்டு அளவு சரியாக இருக்கும்போதுகூட இது வரலாம், புகை பிடிப்பவர்களுக்கு இன்னும் மோசமாகும். சுகரும் சேர்ந்திருந்தால் பார்வை நரம்பு நசுங்கிப் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம், அதற்கு ரத்தக்குழாயில் ஏற்றும் ஸ்டீராய்டு சுகரை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். அமெரிக்காவில் 2020இல் அனுமதி பெற்ற டெப்ரோடுமுமாப் என்ற ஊசிமருந்தும் சுகரை ஏற்றக்கூடியதுதான். எனவே சிகிச்சை தொடங்கும் முன்பே சுகர் டாக்டரும் கண் டாக்டரும் பேசிக்கொள்வது அவசியம், பேசச் சொல்லி நாமே கேட்க வேண்டும், அதில் தயக்கமே வேண்டாம். நிறங்கள், முக்கியமாகச் சிவப்பு, மங்கித் தெரிந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், அன்றைக்கே போங்கள்.

சரி, பரிசோதனை எப்போது? டைப் 2 என்று தெரிந்த உடனேயே விழித்திரையைப் பார்க்க வேண்டும், டைப் 1 என்றால் 5 வருடத்துக்குள், பிறகு பொதுவாக வருடம் ஒருமுறை. பார்வை நன்றாகத்தானே இருக்கிறது என்று தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது, ஏனென்றால் ஆரம்பப் பாதிப்பு எந்த அறிகுறியும் காட்டாது. டைப் 1 இருப்பவர்கள் தைராய்டையும் சோதித்துக்கொள்ள வேண்டும், இரண்டுமே உடம்பின் எதிர்ப்பு சக்தி தன் உறுப்பையே தாக்குவதால் வருபவை, ஒருவருக்கே இரண்டும் வருவது சகஜம்.

தைராய்டு குறைவுக்குப் போடும் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போடுங்கள், காபி அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் தைராய்டு டெஸ்டுக்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள், ரிசல்ட்டைத் தப்பாகக் காட்டிவிடும். விழித்திரை பார்க்கப் போகும் நாளில் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாகத் தெரியும், வண்டி ஓட்ட முடியாது.