4-0 தோற்றாலும் நான் நியூயார்க் பக்கம்தான்

நாளை செவ்வாய் (2025 மே 6) அதிகாலை நாலரை மணிக்கு பாஸ்டன் செல்டிக்ஸ், நியூயார்க் நிக்ஸ் தொடர் ஆரம்பிக்கிறது, ஏழு ஆட்டத்தில் முதலில் நாலு ஜெயிப்பவர்களுக்குத் தொடர். அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வின் பிளேஆஃபில் இது இரண்டாவது சுற்றுதான், ஆனால் எனக்கு இந்த வருஷத்து ஃபைனலே இதுதான். 1946-ல் லீக் ஆரம்பித்ததிலிருந்து ஊரும் மாறாமல் பேரும் மாறாமல் இருக்கும் அணிகள் இவை இரண்டு மட்டுமே. ஒன்றிடம் 18 கோப்பை இருக்கிறது, அதில் 18-வது போன வருஷம் வாங்கியது. இன்னொன்றிடம் 2, கடைசியாக வாங்கியது 1973-ல்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் என்னோடு ஆடும் பையன்களிடம் கேட்டால் ஒரே பதில்: பாஸ்டன், நாலே ஆட்டம், முடிந்தது. பிரான்ஸில் இருக்கும் என் அத்தை மகன் பாஸ்டன் வெறியன். "மச்சான், நீ நிம்மதியா தூங்கு, ஸ்கோரை நான் அனுப்புறேன்" என்று நேற்றே வாய்ஸ் மெசேஜ் போட்டுவிட்டான். அவனுக்கு ஆட்டம் ராத்திரி 1 மணிக்கு, நமக்கு விடிவதற்கு முன்னால். புதுச்சேரியில் பாதிப் பேருக்கு பிரான்ஸில் ஒரு சொந்தம் இருக்கும், அதனால் இந்த மாதிரி சண்டை கடல் தாண்டித்தான் நடக்கும்.

சரி, அவர்கள் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த சீசனில் இரண்டு அணிகளும் 4 முறை மோதின, நாலிலும் பாஸ்டன்தான் ஜெயித்தது. அக்டோபர் 22, சீசனின் முதல் நாள், சாம்பியன் மோதிரம் வாங்கின கையோடு 29 த்ரீ (தூரத்திலிருந்து போடும் மூன்று புள்ளி ஷாட்) போட்டு என்பிஏ சாதனையைச் சமன் செய்து 132-109 என்று அடித்தார்கள். பிப்ரவரி 8 நியூயார்க்கின் சொந்த அரங்கமான மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 131-104. பிப்ரவரி 23 பாஸ்டனில் 118-105. கடைசியாக ஏப்ரல் 8, மறுபடி நியூயார்க்கில், 119-117, ஓவர்டைமில், அதாவது ஸ்கோர் சமமாகி கூடுதல் நேரம் ஆடி.

எல்லோரும் 4-0 என்று பார்க்கிறார்கள். நான் அந்த நாலாவது ஸ்கோரைப் பார்க்கிறேன்.

முதல் மூன்று ஆட்டங்களிலும் வித்தியாசம் 23, 27, 13. கடைசி ரெண்டு நிமிஷத்தில் யார் ஜெயிப்பார்கள் என்று தெரியாத நிலைமை எதிலும் வரவில்லை. ஏப்ரல் 8-ல் மட்டும் வந்தது. நியூயார்க் ஜெயிக்கப் போகிறது என்ற நேரத்தில் 2.9 நொடி மிச்சம் இருக்கும்போது பாஸ்டனின் நட்சத்திரம் டேட்டம் ஒரு த்ரீ போட்டு சமன் செய்து ஓவர்டைமுக்கு இழுத்தார். அந்தப் பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்திருந்தால் இன்றைக்கு யாரும் 4-0 என்று பேசியிருக்க மாட்டார்கள். இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. நியூயார்க்கின் மிட்செல் ராபின்சன் கணுக்கால் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பியது பிப்ரவரி கடைசியில். அதாவது முதல் மூன்று தோல்வியிலும் அவர் இல்லை. அவரைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். ஆட்டம் கடைசி 5 நிமிஷத்துக்கு நெருக்கமாக வந்து சேர்ந்தால் நியூயார்க்குக்குப் பயமில்லை, ஏனென்றால் அந்த 5 நிமிஷத்துக்கென்றே அவர்களிடம் ஜேலன் பிரன்சன் இருக்கிறார். நெருக்கடி நேரத்தில் சிறப்பாக ஆடுபவருக்கு லீக் தரும் கிளட்ச் பிளேயர் விருதை இந்த வருஷம் வாங்கியவர் அவர்தான். போன வாரம் முதல் சுற்றில் டெட்ராய்ட்டோடு நடந்த 6-வது ஆட்டம் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஸ்கோர் சமம், அவுசார் தாம்ப்சன் மாதிரி ஒரு நல்ல டிஃபெண்டர் எதிரே நிற்கிறார், பிரன்சன் ஒரு கிராஸ்ஓவர் போட்டு அவரை அப்படியே விலக்கிவிட்டு, 4.3 நொடி இருக்கும்போது த்ரீ. 116-113. அன்றைக்கு அவர் எடுத்தது 40 புள்ளி. அந்தத் தொடரின் கடைசி நாலு ஆட்டமும் 3 புள்ளி அல்லது அதற்கும் குறைந்த வித்தியாசத்தில் முடிந்தவை, அதில் மூன்றை நியூயார்க் ஜெயித்தது. நெருக்கத்தில் ஆடிப் பழகின அணி இது.

பிரச்சினை, பாஸ்டன் அந்த நெருக்கத்தைத் தருமா என்பதுதான். அவர்கள் ஆட்டமே வேறு கணக்கு. இந்த சீசனில் சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு 48 த்ரீ வீசினார்கள், மொத்தம் 1,457 போட்டார்கள், எந்த அணியும் ஒரு சீசனில் இவ்வளவு போட்டதில்லை. இரண்டு புள்ளி ஷாட்டை விட மூன்று புள்ளி ஷாட்டைத்தான் இவர்கள் அதிகமாக வீசினார்கள். 20 விழுந்துவிட்டால் மூன்றாவது குவார்ட்டரிலேயே டிவியை அணைத்துவிடலாம். 12, 13 என்று நின்றால்தான் எதிரணிக்கு மூச்சு வரும். முதல் சுற்றில் ஆர்லாண்டோ த்ரீ கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்று அவர்களை நிறைய வீச விடாமல் பார்த்துக்கொண்டது, அப்படியும் பாஸ்டன் 4-1 என்று ஜெயித்துவிட்டது. ஆர்லாண்டோவால் புள்ளி எடுக்க முடியவில்லை, அதுதான் காரணம். நியூயார்க்கால் எடுக்க முடியும்.

ஆனால் ஆர்லாண்டோ அளவுக்கு நியூயார்க்கால் தடுக்க முடியாது. இதை நிக்ஸ் ரசிகர்கள் நேராகப் பேச வேண்டும். பிரன்சன் ஆறடி ரெண்டங்குலம், கார்ல்-ஆன்டனி டவுன்ஸ் அருமையான ஷூட்டர் ஆனால் டிஃபென்ஸில் கால் நகராது. பாஸ்டன் என்ன செய்யும் என்றால், இந்த ரெண்டு பேரில் ஒருவர் யாரைக் காக்கிறாரோ அந்த ஆளைக் கூப்பிட்டு ஸ்கிரீன் போடச் சொல்லும், அதாவது தடுப்பவரின் வழியை மறித்து நிற்கச் சொல்லும். பிரன்சன் ஆள் மாறி டேட்டம் முன்னால் வந்து நின்றால் டேட்டம் அவர் தலைக்கு மேலேயே வீசுவார். டவுன்ஸ் பின்னால் இறங்கி நின்றால் ஸ்கிரீன் போட்ட பாஸ்டனின் நெட்டை ஆட்கள் போர்ஸிங்கிஸோ ஹார்ஃபோர்டோ வெளியே நகர்ந்து நிம்மதியாக த்ரீ போடுவார்கள். இந்த சீசன் பூராவும் இதுதான் நடந்தது. கூடவே டெரிக் ஒயிட், ஜேலன் பிரவுன், பெஞ்சிலிருந்து வரும் பேட்டன் பிரிச்சர்டு, சிறந்த மாற்று ஆட்டக்காரருக்கான சிக்ஸ்த் மேன் விருதை இந்த வருஷம் வாங்கியவர், இப்படி எங்கே பந்து போனாலும் அங்கே ஒரு ஷூட்டர் நிற்கிறார்.

இங்கேதான் ராபின்சன். ஏழடி ஆள், ரீபவுண்டு, அதாவது வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை, எடுப்பதற்கென்றே பிறந்தவர், அதுவும் நம் ஆள் வீசித் தவறின பந்தை எதிராளிகள் நடுவிலிருந்து பிடுங்குவதில் லீக்கிலேயே மிகச் சிறந்தவர்களில் ஒருவர். என் கருத்து, கோச் டாம் திபடோ அவரை 25 நிமிஷமாவது ஆட விட வேண்டும், சில நேரம் டவுன்ஸோடு சேர்த்தே. ஒவ்வொரு ரீபவுண்டும் நமக்கு இன்னொரு வாய்ப்பு, பாஸ்டனுக்கு ஓடிப் போய் த்ரீ போடக் கிடைக்காத ஒரு வாய்ப்பு. ஒரே பயம் அவருடைய ஃப்ரீ த்ரோ, ஃபவுலுக்காகக் கிடைக்கும் இலவச வீச்சு. அது மிகவும் மோசம். பாஸ்டன் கோச் ஜோ மசூலா கொஞ்சமும் தயங்காமல் வேண்டுமென்றே ஃபவுல் செய்து அவரை லைனுக்கு அனுப்புவார். அனுப்பட்டும், அந்த நேரத்தில் டவுன்ஸை உள்ளே இறக்கிக்கொள்ளலாம், மறுபடி கொண்டு வரலாம். திபடோ அவ்வளவு சீக்கிரம் ஆளை மாற்றுகிறவர் இல்லை, முதல் ஐந்து பேரை நம்பியே ஓட்டுவார், இந்த சீசனில் லீக்கிலேயே அதிக நிமிஷம் சேர்ந்து ஆடிய ஐவர் அணி நியூயார்க்கினுடையதுதான். மே மாதத்தில் அந்தக் கால்கள் எவ்வளவு தாங்கும் என்பது என் பெரிய கவலை. பாஸ்டன் முதல் சுற்றை முடித்து ஒரு வாரம் ஆகப் போகிறது, நியூயார்க் முடித்தது வியாழக்கிழமை.

அப்புறம் நியூயார்க்கின் ஜாஷ் ஹார்ட். பல அணிகள் இந்த சீசனில் செய்த தந்திரம், தங்கள் சென்டரை (வளையத்தருகே ஆடும் நெட்டை ஆளை) டவுன்ஸ் மேல் விடாமல் ஹார்ட் மேல் விட்டு, அவர் வெளியே நின்றால் கண்டுகொள்ளாமல் வளையத்தைக் காப்பது. டவுன்ஸை ஓரத்தில் ஆடும் ஒரு விங் பிளேயர் பார்த்துக்கொள்வார். பாஸ்டனும் இதைத்தான் செய்யும் என்று நினைக்கிறேன், டேட்டம் டவுன்ஸ் மேல், போர்ஸிங்கிஸ் ஹார்ட் மேல். எங்கள் கோர்ட்டில் ஒரு போலீஸ்கார அண்ணன் ஆடுவார், வெளியிலிருந்து வீசவே மாட்டார், எல்லோரும் அவரை விட்டுவிட்டு உள்ளே போய் நிற்போம், அவர் யாரும் தடுக்காத இடத்திலிருந்து ஓடி வந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு போவார். ஹார்ட் அதே ரகம். ஆறரை அடிகூட இல்லாத ஆள் சராசரியாக 9.6 ரீபவுண்டு எடுத்திருக்கிறார். அவரை மூலையில் நிறுத்தாமல் பிரன்சனுக்கு ஸ்கிரீன் போட அனுப்பினால் போர்ஸிங்கிஸ் வெளியே வந்தே ஆக வேண்டும், அல்லது பின்னால் நின்று பிரன்சனுக்கு அந்தப் பதினைந்தடி ஷாட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். ரெண்டும் நமக்கு நல்லதுதான். பிரன்சன், ஹார்ட், மிக்கேல் பிரிட்ஜஸ் மூன்று பேரும் வில்லனோவா கல்லூரியில் சேர்ந்து ஆடி 2016-ல் தேசிய சாம்பியன் ஆனவர்கள், ஒருவர் கண்ணசைவு இன்னொருவருக்குத் தெரியும்.

பிரிட்ஜஸும் ஓஜி அனுனோபியும் டேட்டம், பிரவுன் ரெண்டு பேரையும் தனித்தனியாகத் தாங்க வேண்டும், உதவிக்கு யாரும் ஓடாமல். பிரிட்ஜஸுக்காக, வருஷா வருஷம் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் 5 முதல் சுற்று வாய்ப்புகளை புரூக்ளினுக்குக் கொடுத்தது இந்த மாதிரி ஒரு தொடருக்காகத்தான். அவர் டிஃபென்ஸில் பிரவுனை நிறுத்தினால் போதும், புள்ளி எடுக்காவிட்டாலும் பரவாயில்லை என்பேன்.

போர்ஸிங்கிஸ் பற்றி ஒரு வார்த்தை. 2015 டிராஃப்டில் நியூயார்க் அவரை 4-வது ஆளாக எடுத்தபோது ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள், பிறகு தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், 2019-ல் டல்லாஸுக்குப் போனார். அங்கே அவரோடு ஆடினவர் யார் என்றால் இந்த பிரன்சன். ஏப்ரல் 8 ஆட்டத்தில் போர்ஸிங்கிஸ் 34 புள்ளி எடுத்தார், நியூயார்க் அரங்கத்தில் அவருக்கு எப்போதுமே ஒரு வேகம் வந்துவிடுகிறது. மார்ச்சில் உடம்பு சரியில்லாமல் நிறைய ஆட்டங்களைத் தவறவிட்டார், அவருடைய மூச்சு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று முதல் ஆட்டத்திலேயே பார்க்கலாம். ஜூரூ ஹாலிடேயும் தொடைத் தசைப் பிடிப்பால் ஆர்லாண்டோ தொடரின் கடைசி மூன்று ஆட்டம் ஆடவில்லை. பிரன்சனைத் தடுக்க பாஸ்டனிடம் இருக்கும் முதல் ஆள் அவர்தான். அவர் முழு உடம்போடு வந்தால் என் கணக்கில் பாதி கெட்டுவிடும்.

பழைய கதைகளும் இருக்கின்றன. 1973-ல் 68 ஆட்டம் ஜெயித்த பாஸ்டனை அவர்கள் ஊரிலேயே 7-வது ஆட்டத்தில் நியூயார்க் தோற்கடித்தது, அதற்கு முன் பாஸ்டன் 7-வது ஆட்டத்தில் தோற்றதே இல்லை. 1990-ல் ஐந்து ஆட்டத் தொடரில் முதல் ரெண்டும் தோற்று, அதில் ஒன்றில் 157 புள்ளி வாங்கிக் கட்டிக்கொண்டு, அப்புறம் மூன்றையும் ஜெயித்தது, கடைசி ஆட்டம் பாஸ்டன் கார்டனில், அதுவரை 26 முறை தொடர்ந்து தோற்ற இடத்தில். 2013-லும் நாம்தான். 4-0 என்று சொல்லும் பையன்கள் இதையும் கொஞ்சம் படிக்கட்டும்.

நியூயார்க் ஊருக்குப் போனால் சத்தத்தில் பாஸ்டன் தடுமாறும் என்று எண்ணுகிறவர்கள் மட்டும் அதை மறந்துவிடலாம். இந்த சீசனில் பாஸ்டனுக்கு வெளியூரில் 33 வெற்றி 8 தோல்வி, சொந்த ஊரில் 28 வெற்றி 13 தோல்வி. அவர்களுக்கு வெளியூர்தான் வசதி. அதனால் நியூயார்க் செய்ய வேண்டியதைப் பாஸ்டனில் நடக்கும் முதல் ரெண்டு ஆட்டத்திலேயே செய்தாக வேண்டும், ஒன்றையாவது திருடி எடுத்து வர வேண்டும். 2018-க்குப் பிறகு எந்தச் சாம்பியனும் அடுத்த வருஷம் கோப்பையைத் தக்கவைக்கவில்லை, பாஸ்டனும் அது தெரிந்தே ஆடுகிறது. அடுத்த வருஷம் சம்பளமும் லீக் வரியும் சேர்ந்தால் 50 கோடி டாலர் பக்கம் போகும் என்கிறார்கள், இதே அணி திரும்ப ஒன்றாக ஆடுவது சந்தேகம். அந்த அவசரம் அவர்களிடம் இருக்கும்.

கேட்டால் சொல்ல வேண்டுமே, சொல்கிறேன். பாஸ்டன் 6 ஆட்டத்தில் ஜெயிக்கும் என்று கணக்கு சொல்கிறது. முதல் ரெண்டில் ஒன்றை நியூயார்க் எடுத்தால் என் கணக்கை நானே கிழித்துப்போட்டு நியூயார்க் 7 என்று மாற்றிக்கொள்வேன், அந்த ஒன்று வரும் என்றுதான் மனசு சொல்கிறது. அத்தை மகனிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

முதல் ஆட்டம் நாளை 4:30, ரெண்டாவது வியாழன் அதே நேரம். கத்திரி வெயில் நேற்றே ஆரம்பித்துவிட்டதால் நாங்கள் பிராக்டிஸை ஐந்தரைக்கு மாற்றியிருந்தோம், இந்த ரெண்டு நாளும் பிராக்டிஸ் கிடையாது, ஆட்டம் முடிந்து ஏழு மணிக்கு மேல் வருகிறவர்கள் வரலாம். மூன்றாவது ஆட்டம் சனிக்கிழமை ராத்திரி 1 மணிக்கு, மறுநாள் ஞாயிறு என்பதால் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் திரை கட்டுகிறோம். பாஸ்டன் ஜெர்சி போட்டு வந்தாலும் பாய் உண்டு, டீ உண்டு.