மேலுதட்டு முடியும் மரத்துப்போக வைக்கும் கிரீமும்

எலக்ட்ரோலிசிஸ், அதாவது ஊசி வழியே மின்சாரம் செலுத்தி முடியை வேரோடு நீக்கும் சிகிச்சை, செய்துகொண்ட பெண்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். மோவாயைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம், மேலுதட்டைத்தான் தாங்க முடியவில்லை என்பார்கள். உண்மைதான். மூக்குக்கு நேர் கீழே ஊசி இறங்கும்போது நாம் அழ நினைக்காவிட்டாலும் கண்ணில் நீர் வழியும், சில சமயம் தும்மலும் வரும். முகத்தில் உணர்ச்சி நரம்புகள் நெருக்கமாக ஓடும் இடம் அது. "பல்லைக் கடிச்சுக்கிட்டு இரும்மா, அழகுன்னா சும்மாவா" என்று நம் வீடுகளில் சொல்லிவிடுவார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. குறைக்க வழியிருக்கிற வலியை எதற்குப் பொறுக்க வேண்டும்? ஆனால் குறைக்கும் வழியும் முறையாக இருக்க வேண்டும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு. இங்கே சிங்கப்பூரில் பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) ரத்தப் பரிசோதனை செய்து, ஹார்மோன் காரணம்தான் என்று உறுதிப்படுத்தினார்கள். பிசிஓஎஸ் இருந்தால் நீரிழிவு வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால் சர்க்கரையையும் பார்த்தார்கள். மீசை, மோவாயில் திடீரென்று முடி அதிகமாகிறவர்கள் அழகு நிலையத்துக்குப் போகும் முன் இந்தப் பரிசோதனையை முடித்துவிடுங்கள்.

லிட்டில் இந்தியா பகுதியில் உள்ள தேக்காவில் பல வருடம் திரெட்டிங் செய்துவந்தேன். நாற்பதைத் தாண்டியதும் மோவாயில் நரைமுடி தலைகாட்டியது. லேசர் முடியின் கருநிறத்தைப் பிடித்துத்தான் வேலை செய்யும், வெள்ளை முடி அதற்குத் தெரியாது. நம்மைப் போன்ற கருமையான தோலுக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பானது என்பார்கள். அதிலும் ஹார்மோனால் வளரும் முகமுடி சிலருக்கு லேசருக்குப் பிறகு இன்னும் பரவுவதுண்டு. எலக்ட்ரோலிசிஸில் இந்தக் கவலை இல்லை. மெல்லிய ஊசியை ஒவ்வொரு ரோமக்காலிலும் இறக்கி, மின்சாரத்தால் வேரை அழிக்கிறார்கள். முடி கறுப்பா வெள்ளையா என்பது பொருட்டே இல்லை. 1875இல் அமெரிக்கக் கண் மருத்துவர் சார்ல்ஸ் மிஷேல் கண்ணுக்குள் வளைந்து குத்தும் இமைமுடியை எடுக்கக் கண்டுபிடித்த முறை இது. இன்றும் நிரந்தரமாக முடியை நீக்க இதை நம்பலாம். ஒவ்வொன்றாக எடுப்பதால் காலம்தான் பிடிக்கும்.

நடுவில் திரெட்டிங்கும் கூடாது, பிடுங்கவும் கூடாது. ஊசி வேரைத் தேடிப் போக வேண்டும் என்பதால் முடி சில நாள் வளர்ந்திருக்க வேண்டும். அந்த முகத்தோடு வேலைக்குப் போவதுதான் எனக்கு வலியைவிடக் கடினமாக இருந்தது. சின்னக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை என்று தெரிந்த பிறகு மனசு கொஞ்சம் லேசானது.

கிரீமுக்கு வருகிறேன். முதலில் விசாரித்த ஒரு கடையில், படுக்கையில் சாய்ந்ததும் மூடியில் பெயர்கூட இல்லாத ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார்கள். "அக்கா, இதைப் பூசிக்கோங்க, ரொம்ப ஸ்ட்ராங், நாங்களே வரவழைக்கிறோம்." உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று கேட்டேன். பதில் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்மேல் வருத்தம் இருந்திருக்கலாம். ஆனால் 2007இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கையைப் படித்தவர் யாரும் அந்த டப்பாவைத் தொட மாட்டார். லேசருக்கு முன்பு அதிகச் செறிவுள்ள கிரீமைக் கால் முழுக்கப் பூசி, பிளாஸ்டிக்கால் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் இறந்துபோனார்கள். ஒருவருக்கு வயது 22, இன்னொருவருக்கு 25. மருந்து தோல் வழியாக ரத்தத்தில் கலந்து இதயத்தையும் மூளையையும் தாக்கும். 2024இலும், அழகு சிகிச்சைக்காக விற்கப்பட்ட சில கிரீம்களில் மரத்துப்போக வைக்கும் மருந்தான லிடோகெயின் அளவு மீறியிருப்பதாக அதே அமைப்பு மறுபடி எச்சரித்தது.

அதனால் நேராக மருந்துக்கடைக்குப் போய் மருந்தாளரிடமே பேசினேன். எம்லா என்ற கிரீமைப் பற்றிச் சொன்னார். லிடோகெயின் 2.5 சதவீதம், பிரிலோகெயின் 2.5 சதவீதம். குழந்தைகளுக்கு ஊசி போடும் முன் மருத்துவமனைகளில் பூசுவார்களே, அதேதான். எடுத்துத் தருவதற்கு முன் வரிசையாகக் கேள்வி கேட்டார். இதயத் துடிப்பில் கோளாறு உண்டா, வேறு மருந்து என்ன சாப்பிடுகிறீர்கள், கர்ப்பமா, ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது) உண்டா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. பிரிலோகெயின் ரத்தத்தில் மெத்தீமோகுளோபினைக் கூட்டக்கூடியது. அப்படி ஆகும்போது ரத்தத்தால் ஆக்சிஜனைச் சரியாகக் கொடுக்க முடியாது, உதடு நீலம் பாயும், மூச்சு வாங்கும். ஜி6பிடி குறைபாடு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். சிங்கப்பூரில் 1965 முதலே பிறக்கும் குழந்தைகளுக்கு இந்தப் பரிசோதனை செய்கிறார்கள். இங்கே பிறந்தவர்கள் அம்மாவிடம் பழைய சுகாதாரப் புத்தகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். ஊரிலிருந்து வந்தவர்களில் பலருக்கு இது சோதிக்கப்பட்டிருக்காது, மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பூசும் முறைக்கு வருவோம். முகத்தைச் சோப்பால் கழுவி நன்றாகத் துடைத்து உலர விடுவேன். பிறகு கிரீமைத் தேய்க்காமல், வெள்ளையாகத் தெரியும்படி கெட்டியாகப் பரப்ப வேண்டும். 10 சதுர சென்டிமீட்டர் இடத்துக்கு 1.5 கிராம் என்பது கணக்கு. மேலுதடு அந்த அளவுகூட இருக்காது என்பதால் 5 கிராம் குழாய் ஒன்று எனக்குப் பலமுறைக்கு வருகிறது. உதட்டின் சிவந்த பகுதியிலோ மூக்கின் உள்ளேயோ படக்கூடாது, அங்கெல்லாம் மருந்து வேகமாக உறிஞ்சப்படும். கண்ணருகே கொண்டுபோகவே கூடாது. புண், கீறல், பருக் கிள்ளிய இடம் இருந்தால் அன்றைக்குக் கிரீம் வேண்டாம். மேலே டெகாடெர்ம் போன்ற ஒட்டும் படலத்தைச் சின்னதாக வெட்டி மூடுவேன். மூடாமல் விட்டால் காய்ந்துபோய், பாதி மருந்து தோலுக்குள் போகாது.

மூடிய பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். கிரீம் வேலை செய்யவில்லை என்று சொல்கிற பலரும் கால் மணியிலேயே துடைத்துவிட்டவர்கள்தான். ஒரு மணி நேரத்தில் மரப்பு சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம்வரை இறங்கும், இரண்டு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர். செங்காங்கில் வீட்டிலேயே பூசிக்கொண்டு, மேலே முகக்கவசம் போட்டு, ஊதா நிற ரயிலில் லிட்டில் இந்தியா வருவேன். யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வழியில் பேசாமல் இருப்பது நல்லது, வாயசைத்தால் படலம் விடுபடும்.

நிலையத்தில் படலத்தை எடுத்ததும் அந்த இடம் கொஞ்சம் வெளிறித் தெரியும். ரத்தக் குழாய்கள் சுருங்குவதால் வருவது, பயப்பட வேண்டியதில்லை. பிசுக்கு துளியும் இல்லாமல் துடைத்தால்தான் ஊசி பிடிக்கும் கைக்குத் தோல் வழுக்காது.

வலி முழுக்கப் போய்விடுமா? போகாது. மேலுதட்டில் கொதிக்கும் எண்ணெய் தெறித்ததுபோல இருந்த வலி, யாரோ விரலால் அழுத்துகிற அளவுக்கு இறங்கியது. இடையில் எழுந்துகொள்ளாமல் கடைசிவரை படுத்திருக்க முடிந்தது. அதுவே எனக்குப் பெரிய விஷயம். மோவாயில் தடித்த முடிகளின் வேர் ஆழமாக இருப்பதால் அங்கே சூடு தெரியத்தான் செய்கிறது. அதனால் மோவாய்க்கு இப்போது கிரீம் போடுவதில்லை, கிளம்பும் முன் பாரசிட்டமால் மட்டும் சாப்பிடுகிறேன்.

எனக்குச் சிகிச்சை செய்யும் அக்கா ஒரு விஷயத்தில் கண்டிப்பானவர். முதல் தடவை கிரீம் இல்லாமல்தான் வரவேண்டும் என்றார். மரத்த தோலில் மின்சாரம் அதிகமானால் நமக்குத் தெரியாது. நம் நிறத் தோலில் சூடு கூடினால் கரும்புள்ளி விழுந்து மாதக்கணக்கில் மறையாது. ஆகவே மரக்காத தோலில் எனக்கு ஏற்ற அளவைக் கண்டுபிடித்து எழுதி வைத்துக்கொண்டார். கிரீம் போட்டு வந்தாலும் அந்த அளவை மீறுவதில்லை. இப்படி யோசிக்கிறவரிடம்தான் முகத்தை ஒப்படைக்க வேண்டும் என்பது என் கருத்து.

முடிந்த பிறகு மரப்பு ஓரிரு மணி நேரம் இருக்கும். தேக்காவுக்கு வந்துவிட்டு தே தாரிக் குடிக்காமல் போவதா என்று தோன்றும். சூடு உதட்டுக்குத் தெரியாது, வெந்துவிடும், உணர்ச்சி திரும்பும்வரை பொறுங்கள். அன்றைக்கு வெயிலும் வேண்டாம், மேக்கப்பும் வேண்டாம். பெரியம்மா சொல்லும் கஸ்தூரி மஞ்சளையும் தோல் ஆறும்வரை தள்ளி வைத்துவிடுகிறேன். சின்னப் பொருக்கு வந்தால் கிள்ளாமல் விட்டால் தானே உதிரும்.

என் சித்தி மகளும் இப்போது தொடங்கியிருக்கிறாள். என் குழாயில் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டாள். அவளுக்கு ஜி6பிடி குறைபாடு உண்டு, அதனால் கொடுக்கவில்லை. மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பிரிலோகெயின் இல்லாமல் லிடோகெயின் மட்டும் உள்ள கிரீமை எழுதிக்கொடுத்தார், அளவும் நேரமும் சொல்லி அனுப்பினார். அவளுக்கு அது போதுமானதாக இருக்கிறது.