பாப்பா அத்தையின் பேர்

குடும்ப வரலாற்றை எழுதப் போகிறேன் என்று நான் முதலில் சொன்னபோது என் மகள் ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். இப்போது கல்லூரியில் இருக்கிறாள். இடையில் நான் செய்தது ஒரு நீளமான நோட்டு வாங்கியதும், அதில் பிள்ளையார் சுழி போட்டதும்தான்.

சோம்பல் என்று சொல்ல முடியாது. யாருடைய குடும்பத்தை எழுதுவது என்றே பிடிபடவில்லை. நான் பிறந்தது ராயக்கோட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஓசூரில், அம்மா வீடு காவேரிப்பட்டணம். அப்பா வழியை எடுத்தால் அம்மாவைக் கைவிட்ட மாதிரி இருக்கும். அம்மா வழியிலோ ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. "எங்க வீட்டையும் சேர்த்து எழுதும்மா" என்று மாமியார் வேறு சொல்லி வைத்திருந்தார்.

எந்த ஊர் ஆபீசில் போய்க் கேட்பது என்பது அடுத்த குழப்பம். அப்பா பிறந்தபோது எங்கள் ஊர் சேலம் மாவட்டம். 1965-இல் தர்மபுரி தனியாகப் பிரிந்ததால் நான் பிறந்தது தர்மபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்தது, அடுத்த வருஷம் மகள் பிறந்தது கிருஷ்ணகிரி மாவட்டம். ஊர் என்னவோ இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

எதையும் தொடங்காமல், தொடங்கிவிட்ட மாதிரி இருப்பதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. படிப்பது. 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் என்ற எங்கள் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனது, கேப்டன் ரீட் நிலவரி வகுத்தது, அவருக்கு உதவியாளராக வந்த தாமஸ் மன்றோ தர்மபுரியில் தங்கியது என்று ஆறு மாதம் படித்தேன். மன்றோவைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவேன். என் தாத்தாவின் அம்மா பேர் தெரியாது.

அது தெரியாது என்பதே ஒகேனக்கல்லில்தான் தெரிந்தது. அப்பா போன மறு வருஷம் ஆடி அமாவாசைக்கு அண்ணனோடு போயிருந்தோம். காவிரிக் கரையில் ஐயர் மூன்று தலைமுறைப் பேர் கேட்டார். ஆண்கள் பேரை அண்ணன் கடகடவென்று சொல்லிவிட்டார். பெண்கள் பக்கம் வந்ததும், ஆயா, அதாவது அப்பாவின் அம்மா, பேரோடு நின்றது. "அவங்களுக்கு மாமியார்?" அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அண்ணியைப் பார்த்தேன். "தெரியலைன்னா பரவாயில்ல" என்று ஐயர் அடுத்த மந்திரத்துக்குப் போய்விட்டார். எனக்கு மட்டும் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டில் ஒரே வரி எழுதினேன்: தாத்தாவோட அம்மா பேர் என்ன? எந்த வழி, எந்த மாவட்டம் என்று ஏழு வருஷம் அலைந்தது அந்த வரிக்கு முன்னால் அர்த்தமில்லாமல் போனது. அடுத்து யாரைக் கேட்பது என்பதில் குழப்பமே இல்லை. அப்பாவுக்கு மூத்தவர் ஒருவர்தான் இருக்கிறார், பாப்பா அத்தை.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தக்காளி தரம் பிரித்துக்கொண்டே அத்தை சொன்னார்: "ஏன்டி, என் பேருதான் அவங்க பேரு."

எழுபது வயது தாண்டியவரை ஊரே பாப்பா என்று கூப்பிடுவதன் காரணம் அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. முதல் மகளுக்குத் தாத்தா தன் அம்மா பேரை வைத்திருக்கிறார். மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பெற்ற பிள்ளையை ஆயா எப்படிக் கூப்பிடுவார்? பாப்பா என்றே கூப்பிட்டு, அதுவே நிலைத்துவிட்டது. அந்த நிஜப் பேர் ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. "இதை ஏன் அத்தை யாருமே சொல்லல?" என்றேன். "நீ எப்பக் கேட்ட?" என்றார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய்ச்சொல்லை ஒரு காகிதத்தோடு ஒத்துப் பார்த்துவிட வேண்டும் என்று பட்டது. அப்பாவின் டிரங்குப் பெட்டி அண்ணன் வீட்டில் இருக்கிறது. கட்டிக் கொடுத்த பெண் வந்து பழைய பத்திரம் கேட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம பங்கு என்ற 2005 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் அண்ணன்மார் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. அண்ணி காபி கொடுத்துவிட்டு நேராகவே கேட்டார், "பங்கு கிங்கு ஏதாவதா?" எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணியை வைத்துக்கொண்டே பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு காகிதத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, அதே மடிப்பில் திரும்ப வைத்தேன். இப்படிச் செய்ததில் சந்தேகம் தானாகக் கரைந்தது, அண்ணியே இரண்டு காகிதம் தேடிக் கொடுத்தார்.

இருந்ததில் பழையது 1976 கிரயப் பத்திரம். சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் பத்தியில், 1943-ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்றின் நம்பர் இருந்தது. பழைய பத்திரம் கையில் இல்லாவிட்டாலும் பிந்தைய பத்திரத்துக்குள் அதன் நம்பரும் வருஷமும் இப்படி ஒளிந்திருக்கும். அந்த இரண்டும் இருந்தால் சார்பதிவாளர் ஆபீசில் நகலுக்கு மனுப் போடலாம். போட்டேன். மூன்று நடை நடந்தேன். "கேஸா?" என்று கேட்டார்கள். பாட்டி பேர் பார்க்க என்றதை அங்கே யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

கைக்கு வந்த நகலை என்னால் படிக்க முடியவில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, புள்ளி கிடையாது, வரிக்கு வரி "ஷை" வேறு. ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே பத்து நிமிஷத்தில் படித்து முடித்தார். ஷை என்றால் மேற்படி. தாத்தாவின் அப்பா இறந்த பிறகு, அவர் தம்பிக்கும் மைனரான தாத்தாவுக்கும் நடந்த பாகம் அது. மைனருக்காகக் கைநாட்டு வைத்தவர் அத்தையின் பேர் கொண்ட அதே அம்மாள். "இருங்க, இருங்க" என்று பெரியவர் மறுபடி அந்த வரிக்குப் போனார். அந்த அம்மாள் "மூத்த பாரியாள்", அதாவது மூத்த மனைவி. மைனர், "காலஞ்சென்ற இளைய பாரியாள் வயிற்றுக் குமாரன்".

தாத்தா தன் மகளுக்குப் பேர் வைத்தது தன்னை வளர்த்தவருக்கு. பெற்றவரின் பேர் அந்தப் பத்திரத்தில் எங்குமே இல்லை.

அத்தையிடம் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. தன் பேர் எழுதியிருந்த இடத்தை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம், "ரயில்ல வந்த பொண்ணுன்னு அம்மா ஒருத்தரைப் பத்திச் சொல்லும். நான் வேற யாரோன்னு நெனச்சேன்" என்றார்.

மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் வந்த சின்ன ரயில் அது. 1913-இல் ஓசூர் வரை நீண்டு, யுத்த காலத்தில் 1941-இல் நின்றுபோனது. தாத்தா பிறந்தது 1930 வாக்கில். அப்படியானால் இளையவரைக் கூட்டி வந்தது இந்த ரயிலில்தான் போலிருக்கிறது. பிறந்த ஊர் மொரப்பூர்ப் பக்கமாக இருக்கலாம்.

நோட்டில் இரண்டாவது வரி எழுதியாகிவிட்டது. வரும் ஞாயிறு மொரப்பூர் போகிறோம். அத்தையும் வருகிறேன் என்கிறார், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தால்.