ஆள் போன பிறகு ஆள் தேடுவது

கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டப்படிப்புக்கு நான் ஒருங்கிணைப்பாளர். பாடம் நடத்துவதோடு, எந்த வகுப்பை யார் எடுப்பது என்ற அட்டவணையும் என் பொறுப்பு. 2023 மே செமஸ்டர் தொடங்க ஐந்து வாரம் இருந்தபோது எங்களில் மூன்று பேர் இல்லை என்றானது. ஒருவர் வேறு கல்லூரிக்குப் போனார். ஒருவர் பிரசவ விடுப்பில் போனார். இன்னொருவருக்கு 60 வயது நிறைந்து பணி ஓய்வு. பதினொரு பேர் பார்த்த வேலைக்கு எட்டு பேர்.

முதலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் என் பழைய மாணவர் ஒருவரைப் பிடித்தேன். மாஸ்டர்ஸ் முடித்து வங்கியில் வேலை பார்ப்பவர். "அக்கா, ஆறரைக்கு மேலதான் வர முடியும், பரவாயில்லையா?" என்றார். பரவாயில்லை என்றேன். இப்படியே மூன்று பேரைச் சேர்த்து, ஏற்கெனவே இருந்த நான்கு பகுதிநேரத்தாரோடு ஏழு ஆக்கினேன். தனியார் உயர்கல்வி நிலையத்தில் பாடம் நடத்த பெர்மிட் வேண்டும். அந்தத் தாள்களைத் திரட்டுவதிலேயே இரண்டு வாரம் ஓடிவிட்டது.

அட்டவணை நிறைந்துவிட்டது, சரி என்று நினைத்தேன். அப்புறம்தான் கணக்குப் பார்த்தேன். எம்.கியூ.ஏ. என்பது மலேசியாவில் உயர்கல்விப் படிப்புகளின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் அமைப்பு. எங்கள் படிப்புக்கான அதன் தரநிர்ணயத்தில், பாடம் நடத்துபவர்களில் குறைந்தது 60 விழுக்காட்டினர் முழுநேரமாக இருக்க வேண்டும். எங்களிடம் பதினைந்து பேரில் எட்டு பேர்தான் முழுநேரம். 53 விழுக்காடு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலியிடத்தை நிரப்பக் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். அது டீனிடம் போய், மனிதவளப் பிரிவுக்குப் போய், நிதிப் பிரிவில் நின்றது. நிதி அதிகாரி கெட்டவர் அல்ல. அவர் கேட்ட கேள்வியும் அவர் இடத்தில் நியாயமானதுதான்: "எல்லா வகுப்பும் நடக்கிறதே, பிறகு எதற்கு மூன்று பேர்?" எனக்கு மிகவும் வலித்த கேள்வி அது. எட்டு பேர் சனிக்கிழமையும் வந்து, விடுப்பை ஒத்திப்போட்டு, அந்தச் செமஸ்டரைத் தூக்கி நிறுத்தியிருந்தோம். நாங்கள் பட்ட பாடு ஏட்டில் 'போதிய ஆள் உண்டு' என்று பதிவாகியிருந்தது. அடுத்த ஆண்டு பட்ஜெட்டும் அந்த ஏட்டை வைத்துத்தான் போடப்படும். சமாளித்துக் காட்டினால் அந்தப் பணியிடமே போய்விடும் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் கெஞ்சுவதை விட்டுவிட்டு நாள்களை எண்ணத் தொடங்கினேன். எங்கள் இடத்தில் ராஜினாமாவுக்கு இரண்டு மாத நோட்டீஸ். ஆள் கேட்கும் விண்ணப்பமோ கடிதம் வந்த பிறகுதான் கிளம்பும். ஒப்புதலுக்கு இரண்டு மாதம். விளம்பரம், நேர்காணல், மாதிரி வகுப்பு எல்லாம் சேர்த்து ஒன்றரை மாதம். தேர்வானவர் தன் பழைய வேலையில் நோட்டீஸ் கொடுத்து வர இன்னும் இரண்டு மாதம். எப்படிக் கூட்டினாலும் ஒரு முழுச் செமஸ்டர் ஆளில்லாமல் கிடக்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. மூன்று பேரில் இருவர் போவது முன்பே தெரிந்த விஷயம். ஓய்வு பெறும் நாள் வேலையில் சேரும்போதே கோப்பில் இருக்கிறது. 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தப்படி பிரசவ விடுப்பு 98 நாள். பதினான்கு வாரம். எங்கள் செமஸ்டரும் சரியாகப் பதினான்கு வாரம். அந்தத் தங்கை நான்கு மாதத்துக்கு முன்பே என்னிடம் சொல்லிவிட்டார். கேட்டு எழுதிவைக்க யாருக்கும் படிவம் இல்லை, எனக்கும் தோன்றவில்லை.

மூன்றாமவர் போனதும் திடீரென்று நடந்தது அல்ல. இரண்டு இரண்டு ஆண்டாக ஐந்து முறை ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டவர் அந்த அக்கா. ஒவ்வொரு முறையும் கடைசி மூன்று வாரத்தில்தான் கடிதம் வரும். வீட்டுக் கடன் கேட்டபோது ஒப்பந்தக் காலத்தைப் பார்த்து வங்கி தயங்கியதாம். பத்து ஆண்டு ஒரே வேலையைச் செய்தவரைத் தற்காலிகம் என்று எப்படிச் சொல்வது? வேறொரு துறை சார்ந்த வழக்கில், ஒப்பந்தத்தின் பெயரை விட்டு அதன் உண்மைத் தன்மையைப் பார்த்து, அது நிரந்தர வேலைதான் என்று 2020-இல் மலேசியாவின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அக்கா வழக்குக்கெல்லாம் போகவில்லை. நிரந்தர வேலை தந்த இடத்துக்குப் போய்விட்டார்.

ஒரே தாளில் எல்லாவற்றையும் எழுதினேன். ஒவ்வொருவரின் ஒப்பந்த முடிவு, ஓய்வு ஆண்டு, விடுப்பு, வாரத்துக்கு எத்தனை மணி வகுப்பு. பக்கத்தில், ஆள் இல்லாத காலத்தில் பகுதிநேரத்தாருக்குக் கொடுத்த தொகை. அடியில் அந்த 53 விழுக்காடு. மனிதவளப் பிரிவில் இருந்த ஒரு தம்பி எனக்காகக் கோப்புகளைத் தேடித் தேதிகளைச் சரிபார்த்துத் தந்தார். அவர் இல்லாவிட்டால் இந்தத் தாள் உருவாகியிருக்காது.

நிதி அதிகாரி அதைப் பத்து நிமிடம் பேசாமல் படித்தார். ஒப்புதல் இரண்டு இடத்துக்குக் கிடைத்தது. புதியவர்கள் 2024 ஜனவரியில் சேர்ந்தார்கள், விடுப்பு முடிந்த தங்கையும் அதற்குள் திரும்பிவிட்டார். ஓய்வும் ஒப்பந்த முடிவும் வரும் இடங்களுக்கு ஒன்பது மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று டீன் எங்கள் துறைக்கு எழுதிக் கொடுத்தார். விடுப்புக்கு மாற்று ஆள் கேட்டதை மட்டும் ஏற்கவில்லை. அதற்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கணக்கியல் விரிவுரையாளர் ஒருவருக்கு அடுத்த ஆண்டு 60 வயது. அவர் இடத்துக்கான விண்ணப்பத்தை நேற்று அனுப்பினேன். அவரே பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாக வருபவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார்.