முழங்கால் தண்ணீரில், மைனஸ் தொண்ணூறு மீட்டர்

காரைநகர் கசூரினா கடற்கரையில் முழங்கால் தண்ணீரில் நின்றபடி போனை எடுத்துப் பார்த்தேன். உயரம்: மைனஸ் தொண்ணூற்றுச் சொச்சம் மீட்டர். எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்பைத் தாண்டாத கடல் அது. கணக்குப்படி நான் முப்பது மாடிக் கட்டடம் அளவுக்கு மூழ்கியிருக்க வேண்டும்.

கரையில் நின்ற ஓட்டோ அண்ணனிடம் காட்டினேன். "போன் பழுதாப் போச்சுது போல, தம்பி" என்றார்.

பழுதில்லை. நான் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறவன். யாழ்ப்பாணம் வந்ததற்கு நல்லூர், நெடுந்தீவு, கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எல்லாவற்றோடும் சேர்த்து இந்த எண்ணும் ஒரு காரணம். செயற்கைக்கோள் உயரத்தைக் கடலிலிருந்து அளப்பதில்லை. பூமிக்கென்று கணக்குப் போட்டு வைத்திருக்கும் வழுவழுப்பான, சற்றே தட்டையான ஓர் உருண்டையிலிருந்து அளக்கிறது. நிஜக் கடல் அந்த உருண்டையை மதிப்பதில்லை. ஈர்ப்பு எங்கே நிறுத்துகிறதோ அங்கேதான் நிற்கும். இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஈர்ப்பு கொஞ்சம் பலவீனம். அங்கே கடல் பரப்பு அந்த உருண்டைக்கு 106 மீட்டர் கீழே கிடக்கிறது. கடல் பரப்பில் உலகத்திலேயே ஆழமான பள்ளம் அதுதான். யாழ்ப்பாணம் அதன் சரிவில் உட்கார்ந்திருக்கிறது. ஆப்பிரிக்காவுக்கு அடியிலிருந்து வந்த சூடான, எடை குறைந்த பாறைப் பொருள்தான் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த இருவர் 2023இல் கணக்கிட்டுக் காட்டினார்கள்.

"அப்ப கப்பல் எல்லாம் பள்ளத்துக்கை இறங்கித்தானே வரும்?"

நல்ல கேள்வி, என் மாணவர்கள் யாரும் கேட்காத கேள்வி. இறங்காது. எது 'கீழே' என்று சொல்வதே ஈர்ப்புதான் என்பதால், கப்பலுக்கு எல்லா இடமும் சமமாகத்தான் தெரியும்.

அந்த எண்ணைப் போன் கணக்கிட உதவிய செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வேகமாக ஓடுவதால் அவற்றின் கடிகாரம் நாளுக்கு 7 மைக்ரோ செகண்ட் பின்தங்கும். அங்கே ஈர்ப்பு குறைவாக இருப்பதால் 45 மைக்ரோ செகண்ட் முந்தும். நிகரம் 38. ஐன்ஸ்டைனின் சூத்திரப்படி இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் பத்து கிலோமீட்டர் பிசகும்: யாழ் நகரில் நிற்கிறவனைச் சுன்னாகத்தில் நிற்கிறான் என்று போன் சொல்லும். இதைத்தான் அவருடைய சார்பியல் கோட்பாட்டுக்குச் சாட்சியாக வகுப்பில் வருடாவருடம் சொல்கிறேன். ஆனால் ஒன்றை நான் சொல்வதில்லை. ஐன்ஸ்டைனோடு போட்டி போடும் புதிய ஈர்ப்புக் கோட்பாடுகள் பெரும்பாலும் இதே 38ஐத்தான் தருகின்றன. சூரியக் குடும்பத்துக்குள் அவரோடு ஒத்துப் போகாத கோட்பாடு ஆய்விதழ் வாசலையே தாண்டாது. இரண்டு பேரும் ஒரே விடையைச் சொல்கிற இடத்தில் நின்றுகொண்டு யார் சரி என்று எப்படித் தீர்ப்பது?

பொன்னாலைப் பாலம் வழியாகத் திரும்பி, புத்தூர்ப் பக்கம் நிலாவரைக் கிணற்றுக்குப் போனோம். "இதுக்கு அடி இல்லை எண்டுதான் சின்னனிலை எங்களுக்குச் சொன்னவை" என்றார் அண்ணன். தாகத்துக்கு இராமர் அம்பு விட்ட இடம் என்பது ஐதீகம். சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான கிணறு. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. உப்புத் தண்ணீர் கனம், நல்ல தண்ணீர் அதன் மேல் மிதக்கிறது. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத இந்தக் குடாநாடு இத்தனை காலம் தோட்டம் செய்ததே அந்த மிதப்பை நம்பித்தான்.

ஆழக் குழியைப் பார்த்தால் எனக்கு ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து சுரங்கங்கள் ஞாபகம் வரும். 1980களில் ஃபிராங்க் ஸ்டேசி என்பவரும் கூட்டாளிகளும் அங்கே இறங்கி, ஆழத்துக்கு ஆழம் ஈர்ப்பு எப்படி மாறுகிறது என்று அளந்தார்கள். நியூட்டன் கணக்கோடு சுமார் ஒரு சதவீதம் ஒத்துவரவில்லை. 1986இல் எஃப்ரேம் ஃபிஷ்பாக் என்ற இயற்பியலாளர் பழைய அளவுகளைத் தோண்டி, சில நூறு மீட்டருக்குள் மட்டும் வேலை செய்யும் 'ஐந்தாவது விசை' ஒன்று இருக்கலாம் என்றார். செய்தித்தாள்கள் கொண்டாடின. கடைசியில் சுரங்க அளவின் கோளாறு மிகச் சாதாரணமானது: சுற்றுவட்டார மேடுபள்ளங்களைக் கணக்கில் எடுத்த விதத்தில் ஒருபக்கச் சாய்வு. மேட்டின் ஈர்ப்பைச் சரியாகக் கழிக்காவிட்டால் புது விசை பிறந்துவிடும். அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. இறங்கி அளந்தார்கள், தவறு தெரிந்ததும் ஒத்துக்கொண்டார்கள்.

மாலை யாழ்ப்பாணக் கோட்டை. மதில் மேல் நடந்தால் ஒரு பக்கம் கடல்நீரேரி, மறு பக்கம் ஊர். 1871 டிசம்பர் 12 அன்று இந்த ஊர் முழு சூரிய கிரகணத்துக்குள் வந்தது. நார்மன் லாக்கியர் தலைமையில் வந்த பிரிட்டிஷ் வானியலாளர்கள் பிரிந்து முகாமிட்ட இடங்களில் யாழ்ப்பாணமும் ஒன்று. சூரியனைச் சுற்றியிருக்கும் ஒளிவட்டத்தை ஆராயத்தான் வந்தார்கள். நட்சத்திர ஒளி சூரியன் அருகே வளைகிறதா என்று யாரும் பார்க்கவில்லை. ஐன்ஸ்டைன் பிறக்கவே இன்னும் ஏழு வருடத்துக்கு மேல் இருந்தது. அந்தச் சோதனை 1919இல் எடிங்டன் கோஷ்டியால் ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்திலுள்ள பிரின்சிபி தீவிலும் பிரேசிலிலும் நடந்தது. வளைவு 1.75 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு) என்றது சார்பியல். நியூட்டன் வழியில் போட்டால் அதில் பாதி. 1.75 விகலை எவ்வளவு என்று அண்ணனுக்குச் சொல்ல ஒரு வழி கிடைத்தது: நல்லூர்க் கோயிலடியில் ஒருவர் ஒரு காசைத் தூக்கிப் பிடித்தால் இங்கிருந்து அதன் அகலம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"2010 தைப் பொங்கலுக்கு அடுத்த நாள் நானும் பாத்தனான்" என்றார் அவர். "சண்டை முடிஞ்சு ஒரு வருசமும் ஆகேல்லை. வெல்டிங் கண்ணாடியாலை பாத்தது. நடுப்பகலிலை வெயில் செத்துப் போச்சுது. நட்சத்திரம் ஒண்டும் தெரியேல்லை."

தெரியாது. அது கங்கண கிரகணம். நடுவில் நிலா, சுற்றி நெருப்பு வளையம். ஏறத்தாழ பத்து நிமிடம் நின்றது, இந்த ஆயிரம் வருடத்தில் மிக நீண்ட கங்கண கிரகணம் அதுதான். 2019 டிசம்பர் 26இல் வந்ததும் வளையமே. வளையத்தின் வெளிச்சத்தில் சூரியனுக்குப் பக்கத்து நட்சத்திரம் எதுவும் கண்ணில் படாது. இந்த ஊரில் இருள் விழுந்தபோது கேள்வி பிறக்கவில்லை. கேள்வி பிறந்த பிறகு இருளே முழுசாக விழவில்லை.

கோட்டையை அடைத்துவிட்டார்கள். பண்ணையில் கடல் காற்று வாங்கியபடி மாம்பழம் வெட்டித் தின்றோம். வைகாசி மாதம், எட்டரை மணி இருக்கும். தெற்கே, நீரேரிக்கு மேல் தாழ்வாக ஒரு பிரகாசமான நட்சத்திரம். ஆல்ஃபா செண்டாரி.

இங்கேதான் விஷயம் சூடு பிடிக்கிறது. பேரடைகளின் (கேலக்ஸிகளின்) ஓரத்து நட்சத்திரங்கள் இருக்க வேண்டியதைவிட வேகமாகச் சுற்றுகின்றன. கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் இழுக்கிறது என்பது பெரும்பான்மைக் கட்சி. 1983இல் மோர்தெகாய் மில்க்ரோம் என்ற இயற்பியலாளர், பொருளில் குறையில்லை, விதியில்தான் குறை என்றார்: ஈர்ப்பு மிக மிகப் பலவீனமாகும்போது அது நாம் நினைத்தபடி குறைவதில்லை. பழைய சண்டைதான். யுரேனஸ் தடுமாறியபோது தெரியாத ஒரு கோளைத் தேடினார்கள், 1846இல் நெப்டியூன் கிடைத்தது. புதன் நூற்றாண்டுக்கு 43 விகலை பிசகியபோதும் அதே மாதிரி தேடினார்கள். கோள் கிடைக்கவில்லை, விதிதான் மாறியது.

மில்க்ரோம் சொல்லும் எல்லை பூமியின் ஈர்ப்பில் சுமார் 8,000 கோடியில் ஒரு பங்கு. அப்படி ஒரு இழுவை வருடம் முழுக்க விடாமல் இழுத்தாலும் வேகம் விநாடிக்கு 4 மில்லிமீட்டரைத் தொடாது. எறும்பு தோற்கடித்துவிடும். கிணற்றிலோ சுரங்கத்திலோ இதைச் சோதிக்க முடியாது. பூமியும் சூரியனும் நம்மை அதைவிடப் பல மடங்கு இழுத்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றையொன்று வெகு தூரத்தில் சுற்றும் நட்சத்திரச் சோடிகளில்தான் இரண்டு விடைகளும் பிரியும். கையா விண்கலம் அளந்த சோடிகளை வைத்து, 2023இல் கொரியாவின் கியூ-ஹ்யூன் சே மில்க்ரோம் பக்கம் தீர்ப்புச் சொன்னார். அதே வருடம் இந்திரனில் பானிக் குழு அதே வகைச் சோடிகளில் நியூட்டனே போதும் என்றது. கூட மறைந்திருக்கும் மூன்றாவது நட்சத்திரத்தை எப்படிக் கழிப்பது என்பதில்தான் தகராறு. நிலாவரையில் சொன்ன மேட்டின் கதை இப்போது வானத்தில் நடக்கிறது.

என் சாய்வையும் சொல்லிவிடுகிறேன்: ஐன்ஸ்டைன் பக்கம்தான். 2017 ஆகஸ்ட் 17இல் 13 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதியபோது, ஈர்ப்பலை வந்து 1.7 விநாடியில் காமா கதிரும் வந்து சேர்ந்தது. அத்தனை தூர ஓட்டத்தில் அவ்வளவுதான் வித்தியாசம். ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகம் அல்ல என்று சொல்லிக்கொண்டிருந்த கோட்பாடுகள் ஒரே நாளில் காலி.

"உதிலை எது சோடி?" என்று தெற்கே கை நீட்டினார் அண்ணன்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவதே இரண்டு என்றேன். மூன்றாவது ஒன்றும் உண்டு, பிராக்சிமா, வெறும் கண்ணுக்குத் தெரியாது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் சுமார் 13,000 மடங்கு தள்ளி நிற்கிறது. அந்த இரண்டும் அதை இழுக்கும் இழுவை மில்க்ரோம் கோட்டுக்குக் கீழே.

"எவ்வளவு காலத்திலை சுத்தும்?"

"ஒரு சுற்றுக்கு ஐந்தரை லட்சம் வருஷம், அண்ணே."

மாங்கொட்டையை நீரேரிக்குள் வீசிவிட்டுக் கையைத் துடைத்தார். "அப்ப ஆறுதலாய்ப் பாப்பம். ஏறுங்கோ தம்பி, பசிக்குது."