சுவர்க்கனம் போதாது: செட்டிநாட்டில் ஒரு போர்தோ ஒயினைக் காத்து வைப்பது

செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவரும் முட்டை வெள்ளைக்கரு சேர்ந்த சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடித் தளமும் கோடையில் நம் உடம்புக்கு இதமாக இருக்கலாம். ஆண்டுக்கணக்கில் முதிர வேண்டிய பிரெஞ்சு ஒயினுக்கு அந்த இதம் போதாது. “உள்ளறை ஜிலுஜிலுன்னுதானே இருக்கு மாப்பிள்ளை, இதுக்குன்னு தனிப் பெட்டி எதுக்கு?” என்று காரைக்குடியில் என் அம்மான் கேட்டார். சித்திரை மாதத்தில் அந்த அறையில் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். ஒயின் விரும்புவது 12 முதல் 14 பாகை வரையிலான, ஏற்ற இறக்கமில்லாத குளிர். நம் உள்ளறையோ வெயில் காலத்தில் 30 பாகையை ஒட்டியே நிற்கும்.

ஆகவே எதை வாங்குவது என்பதற்கு முன் எங்கே வைப்பது என்பதை முடிவு செய்வதே முறை. சாதாரண குளிர்சாதனப் பெட்டி அளவுக்கு மீறிக் குளிர்வதோடு காற்றையும் உலர்த்துவதால் நாளடைவில் தக்கை சுருங்கும். ஒயினுக்கென்றே விற்கும் பெட்டிகளிலும், கம்ப்ரஸர் இல்லாத விலை குறைந்த வகை சுற்றுப்புற வெப்பத்திலிருந்து ஓரளவே கீழிறங்கும் என்பதால், நம் வெயிலில் அது 14 பாகையைத் தொடுவது கடினம். கம்ப்ரஸர் உள்ளதையே வாங்க வேண்டும். மின்வெட்டுக்கு அஞ்ச வேண்டியதில்லை. நிறையப் புட்டிகள் அடுக்கிய பெட்டியைத் திறக்காமல் விட்டால், உள்ளிருக்கும் திரவமே சில மணி நேரம் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். புட்டிகளைப் படுக்க வைத்தால்தான் தக்கை நனைந்தபடி இருக்கும்.

இனித் தேர்வு. பிரான்சின் ஒயின் வட்டாரமான போர்தோவில் ஜிரோந்து முகத்துவாரத்தின் இடக்கரைச் சரளை மண்ணில் காபர்னே சோவினியோன் திராட்சை ஓங்கியிருக்கிறது. வலக்கரையின் சாந்த் எமிலியோன், போமரோல் பகுதிகளில் மெர்லோ ஓங்கியிருக்கிறது. முன்னதில் டேனின் மிகுதி. இளமையில் கொட்டைப்பாக்கைப் போல நாக்கைத் துவர்க்க வைக்கும் அந்தப் பொருளே, புளிப்போடு சேர்ந்து ஒயினுக்கு நீண்ட ஆயுளையும் தருகிறது. காத்து வைக்க எண்ணுவோர்க்கு இடக்கரையே என் பரிந்துரை. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், பாரிஸ் கண்காட்சிக்காக 1855இல் போர்தோப் பண்ணைகளுக்கு வகுக்கப்பட்ட ஐந்து படித்தரங்கள் இன்றும் விலையை ஆள்கின்றன; 1973இல் மூத்தோன் ரோட்ஷில்ட் பண்ணை முதல் தரத்துக்கு உயர்த்தப்பட்டது அதில் நேர்ந்த அரிய மாற்றம். அந்தப் பட்டியலின் உச்சியை நோக்கி நம் பணத்தை இறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பெயர்பெற்ற பண்ணையின் மழை மிகுந்த 2013ஆம் ஆண்டு அறுவடை ஒயினை விட, இடக்கரையின் சாந்த் எஸ்தேஃப் ஊரின் அடக்கமான பண்ணையொன்றின் 2010 அல்லது 2016 அறுவடை ஒயின் பன்மடங்கு மேல். அவ்விரு ஆண்டுகளிலும் பழச்சுவையும் புளிப்பும் டேனினும் ஒருங்கே அமைந்தன.

கடையில் புட்டியைக் கையில் எடுத்துப் பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. ஒயின் கழுத்தின் அடி வரை நிற்க வேண்டும். மூடியுறை பிசுபிசுத்தாலோ, தக்கை விளிம்புக்கு மேல் துருத்தியிருந்தாலோ, வரும் வழியிலோ கிடங்கிலோ அது வெந்திருக்கிறது என்று பொருள். வெப்பத்தில் விரிந்த ஒயின் தக்கையைத் தள்ளியிருக்கும். அத்தகைய புட்டியைப் பெட்டியில் வைத்து என்ன பயன்? புதுச்சேரியில் வாங்குவோர் மாநில எல்லை தாண்டி எடுத்து வருவதற்கான விதிகளை முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

திறப்பதற்கு ஓரிரு நாள் முன் புட்டியை நிமிர்த்தி வைத்தால் வண்டல் அடியில் தங்கும். 16 முதல் 18 பாகையில் பரிமாற வேண்டும்; “அறை வெப்பம்” என்று ஐரோப்பியர் சொல்வது நம் வளவின் வெப்பம் அன்று. மிளகாய்க் காரம் டேனினின் துவர்ப்பைக் கூட்டிக் காட்டும் என்பதால், கோழி வறுவலோடு அல்லாமல் காரம் அடங்கிய ஆட்டுக்கறியோடு வைப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இளம் ஒயினை ஒரு மணி நேரத்துக்கு முன்பே வேறு குடுவைக்கு மாற்றலாம். 20 ஆண்டு கடந்ததை வண்டல் நீக்கும் அளவுக்கு மட்டும் வடித்து உடனே பரிமாறிவிட வேண்டும், காற்றுப்பட்டால் அதன் மணம் விரைவில் போய்விடும்.