தலைக்கு 50 ஏக்கர்

அக்டோபர் 12, 2024, சனி

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் மகள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. “மாமா, மாலுக்குப் போகலாமா?” என்றார் மருமகன். பழைய ஊர் ஏதாவது காட்டுங்கள் என்றேன். ஜேம்ஸ்டவுனுக்குக் கூட்டிப்போனார்.

1607 மே மாதம் இங்கிலாந்திலிருந்து மூன்று கப்பலில் வந்த 104 பேர் குடியேறிய இடம். இங்கிலாந்து ராஜா உரிமைப் பட்டயம் கொடுத்ததோடு சரி. பங்கு வசூலித்து ஆள் அனுப்பியது லண்டனில் இருந்த வர்ஜீனியா கம்பெனி. 1609-லிருந்து பத்து வருடம் அதன் பொருளாளராக இருந்து நடத்திய தாமஸ் ஸ்மைத்தான் கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் கவர்னரும். ஒரே முதலாளி, இரண்டு கடை.

ஆறு கரையோரமே ஆழம், கப்பலை மரத்தில் கட்டிவிடலாம். அதைப் பார்த்து இடம் பிடித்தவர்கள் குடிதண்ணீரைப் பார்க்கவில்லை. கோடையில் ஆற்றில் உப்பு ஏறும், சுற்றிலும் சதுப்பு. வந்தவர்களில் பாதிக்கு மேல் முதல் வருடமே செத்துப்போனார்கள். 1609-10 குளிர்காலத்தில் அந்த மண்ணின் பூர்வகுடிகளான பவ்ஹாட்டன் மக்கள் கோட்டையைச் சூழ்ந்துகொள்ள, உள்ளே பஞ்சம். மியூசியத்தில் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தியின் மண்டையோடு இருக்கிறது. நெற்றியில் நாலு வெட்டு, எதுவும் ஆழமில்லை. வெட்டியவனுக்குக் கை வரவில்லை போல. பசியில் பிணத்தை அறுத்திருக்கிறார்கள். மகள் பேரனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

இரவு, 11 மணி

தூக்கம் வரவில்லை. முப்பது வருடம் தாலுகா ஆபீசில் இருந்தவனுக்கு நிலக்கணக்குதான் மண்டைக்குள் ஓடுகிறது.

இந்தக் குடியேற்றத்தைக் காப்பாற்றியது தங்கம் இல்லை, புகையிலை. ஜான் ரால்ஃப் 1612 வாக்கில் நல்ல ரகம் பயிரிட்டார். பணம் வரத் தொடங்கியதும் ஊருக்குள் தெருவில்கூட நட்டுவிட்டார்கள். அதற்கு ஆள் வேண்டும். ஆகவே கப்பல் கூலி கொடுத்து ஒரு ஆளைக் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர். யாருடைய நிலம்? பவ்ஹாட்டன் மக்களுடையது. அவர்களிடம் பட்டா கேட்டவர் யாருமில்லை.

1635-இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் கணக்குக் காட்டிய தலைகளில் ஒன்று, ‘டோனி, கிழக்கிந்தியன்’. எந்த ஊர்க்காரனோ, பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவோ. 50 ஏக்கர் ஆகிவிட்டான்.

1619 ஜூலை கடைசியில் இங்கே தேவாலயத்தில் முதல் சட்டசபை கூடியது. அடுத்த மாதமே ஆற்றின் வாய்ப்பக்கம் ஒரு கப்பல் இருபது சொச்சம் ஆப்பிரிக்கர்களை இறக்கி, உணவுப்பொருளுக்கு விற்றது.

அக்டோபர் 13, ஞாயிறு

வில்லியம்ஸ்பர்க், வர்ஜீனியாவின் பழைய தலைநகர். கூட்டம், வெயில். பழங்கால உடையில் நடமாடுகிறவர்களோடு பேரனுக்கு போட்டோ. எனக்குப் பிடித்தது ஸ்டாம்ப் விவகாரம். பிரெஞ்சுக்காரரோடு போட்ட சண்டை 1763-இல் முடிந்தபோது லண்டனுக்குக் கழுத்துவரை கடன். 1765-இல் பத்திரம், செய்தித்தாள், சீட்டுக்கட்டு வரை முத்திரை வரி. எங்கள் சபையைக் கேட்காமல் வரியா என்று இந்த ஊரில் சட்டசபை உறுப்பினர் பாட்ரிக் ஹென்றி எழுந்தார். அடுத்த வருடமே வரி வாபஸ். 1774-இல் ராஜாவின் கவர்னர் சபையைக் கலைத்ததும் உறுப்பினர்கள் நேராகப் பக்கத்துச் சாராயக்கடைக்கு நடந்து போய்க் கூட்டத்தைத் தொடர்ந்தார்கள். கடையைத் திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

விடுதலை பேசியவர்களில் பலர் அடிமை வைத்திருந்தார்கள். கலகக்காரரின் அடிமை ராஜா படையில் சேர்ந்தால் விடுதலை என்று 1775-இல் அறிவித்தது அதே கவர்னர். அவருக்கும் இரக்கம் இல்லை, ஆள் பற்றாக்குறை.

அக்டோபர் 14, திங்கள்

கொலம்பஸ் தினம், மருமகனுக்கு லீவு. அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிப் பெரிய சண்டை நடந்த யார்க்டவுன் போனோம். புல் மூடிய மண்மேடுகள். கடல் பக்கம் பிரெஞ்சுக் கப்பல்கள், தரையில் வாஷிங்டனும் பிரெஞ்சுப் படையும். நடுவில் மாட்டிய ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸ் 1781 அக்டோபர் 19-இல் சரணடைந்தார். உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளைக் கொடுக்கத் துணைத் தளபதியை அனுப்பினாராம்.

அந்தப் பெயரைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். இவர்தானே 1786-இல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார்! 1792-இல் திப்புவிடம் பாதி ராஜ்யத்தைப் பிடுங்கியபோது எங்கள் கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம் பக்கத்துப் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் போனது. நிர்வாகத்துக்கு இவர் அனுப்பிய கேப்டன் ரீடும், உதவிக்கு வந்த மன்றோவும் வயல் வயலாக அளந்ததில்தான் ரயத்துவாரி, அதாவது ஜமீன்தார் இல்லாமல் விவசாயியிடமே நேரடியாக வரி வாங்கும் முறை, பிறந்தது.

இரவு கிருஷ்ணகிரிக்கு, பழைய ஆபீஸ் நண்பருக்குப் போன் போட்டேன். அங்கே காலை. எல்லாம் கேட்டுவிட்டு, “ஓ, வருஷா வருஷம் ஜமாபந்திக் கணக்குத் தணிக்கையில் நம்ம உயிரை வாங்கினதுக்குப் பிள்ளையார் சுழி போட்டது இந்த ஆளா?” என்றார்.